குரலும் கோலமும்

பாடகர் ஒருவரின் குரலை நாம் விலை கொடுத்து வாங்குவதாக எண்ணுகிறோம். ஆனால் இசைத்தட்டு வாணிபம் தோன்றிய நாள்முதலே குரலோடு சேர்த்து வேறொன்றும் நமக்கு விற்கப்பட்டு வருகிறது. அதுதான் பாடகரின் கோலம். அவருடைய பெயர், உருவம், உடை, வாழ்க்கைக் கதை, அவர் பெறும் தொகை ஆகிய அனைத்தையும் கொண்டு வணிகர் அதனைச் சமைக்கின்றனர். குரலையும் கோலத்தையும் பிரித்தறியும் பழக்கம், பிள்ளைகளை இசைப் போட்டிகளுக்கு அனுப்ப விழையும் நம் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டுவதாகும்.

1902ஆம் ஆண்டின் இறுதியில், கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்தார். ஆடலிலும் பாடலிலும் பெயர் பெற்றிருந்த கௌஹர் ஜான் அவர் முன்னிலையில் பாடினார். ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே இடம் உண்டு. அந்தச் சிறு பொழுதுக்குள் ஓர் இராகத்தின் சாரத்தை வடித்துக் கொடுத்துவிட்டு, முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார் அவர். இது தற்பெருமையால் விளைந்ததன்று. பதிவுகள் ஜெர்மனியிலுள்ள ஹானோவர் நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே தட்டுகளாக அச்சாயின. நம் மொழிகளை அறியாத அங்குள்ள தொழிலாளர், எது யாருடைய பாட்டு என்று கண்டுகொள்வதற்காகவே அந்த அறிவிப்பு. எனினும் தொழிற்சாலைக்கென்று சொன்ன அந்தப் பெயர், தட்டு சுழன்ற வீடுகளிலெல்லாம் ஒலித்தது. அவருடைய படம் அஞ்சலட்டைகளில் வந்தது. தீப்பெட்டிகளின் மேலும் ஏறிற்று. அவர் பாட்டை ஒருமுறையும் கேட்டிராதவர்கூட அவர் முகத்தை அறிந்திருந்தனர்.

அந்தப் புகழின் முடிவு யாது? பிற்காலத்தில் வழக்குகள் அவரை அலைக்கழித்தன, செல்வம் கரைந்தது. 1928இல் மைசூர் அரண்மனையின் ஆதரவை நாடி வந்த அவர், 1930 ஜனவரி 17ஆம் நாள் அந்நகரிலேயே காலமானார். முகத்தை ஊரெங்கும் பரப்பிய வாணிபம் முதுமையில் அவருக்குத் துணை நிற்கவில்லை.

நம் தமிழகத்தில் இந்தக் கலை வேறொரு கருவியைக் கைக்கொண்டது. அக்கருவி விலை. கொடுமுடி கே. பி. சுந்தராம்பாள், நாடக மேடையாலும் இசைத்தட்டுகளாலும் பெரும் புகழ் எய்தியவர். 1933இல் கணவர் எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தபின் வெள்ளைச் சேலை உடுத்து, ஆடவரோடு இணைந்து நடிப்பதில்லை என்னும் உறுதியுடன் ஒதுங்கியிருந்தார். அவரைத் திரைக்கு அழைத்து வந்து நந்தனாராகவே வேடம் புனையச் செய்தனர். 1935இல் வெளியான ‘நந்தனார்’ படத்துக்காக அவருக்கு அளிக்கப்பட்ட தொகை ஒரு இலட்சம் ரூபாய். அந்நாளில் கேட்டோர் வாய்பிளந்த தொகை அது. படத்தைப் பற்றிய பேச்சினும் பணத்தைப் பற்றிய பேச்சே மிகுதியாயிற்று. ஆயினும் படம் எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. மக்களைக் கொட்டகை வரையில் அழைத்துவர விலையால் இயலும். உள்ளே இருத்தி மகிழ்விக்க அதனால் இயலாது. அம்மையாரின் குரலோ அந்தத் தோல்வியால் சிறிதும் தாழவில்லை. 1953இல் ‘ஔவையார்’ வந்தபோது நாடே அதற்குச் செவி சாய்த்தது.

பெயரைப் பரப்புவது ஒரு முறையென்றால், பெயரை மறைப்பது மற்றொரு முறை. 1949இல் பம்பாயில் ‘மஹல்’ என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர் காமினி. படத்தின் புகழ்பெற்ற பாட்டு இசைத்தட்டாக வந்தபோது, பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘காமினி’ என்றே அச்சிட்டிருந்தனர். திரையில் வாயசைக்கும் அழகியே பாடுகிறாள் என்னும் மயக்கம் கலையாதிருப்பதற்கான ஏற்பாடு அது. பாடிய இருபது வயது நங்கைக்கு அத்தட்டில் இடமில்லை.

இங்கேதான் கேட்போரின் வலிமை வெளிப்பட்டது. ‘இதைப் பாடியவர் யார்?’ என்று கேட்டு வானொலி நிலையத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. நிலையத்தார் கம்பெனியாரிடம் வினவி, லதா மங்கேஷ்கர் என்னும் பெயரை ஒலிபரப்பினர். பாத்திரத்தின் பெயருக்குப் பின்னால் நின்ற பாடகி தம் பெயராலேயே வெளிவந்தார். பிற்காலத்தில் பின்னணிப் பாடகர்க்கெனப் பிலிம்பேர் பரிசில் தனிப்பிரிவு வேண்டுமென்று அவர் உறுதியாக நின்றார். அது 1959இல் ஏற்பட்டது. பாடகர்க்கு ராயல்டி வேண்டும் என்றும் வாதாடினார். அந்தக் கருத்து வேறுபாட்டால் அவரும் முகம்மது ரபியும் 1960களில் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமலே இருந்தனர். பெயர் கிடைத்தாலே பங்கும் கிடைத்துவிடாது என்பதற்கு இது சான்று. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்ட பின்னரே, பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடகர் ஆகியோரின் ராயல்டி உரிமை சட்டத்தில் தெளிவாக இடம்பெற்றது.

இன்று தட்டும் இல்லை, தீப்பெட்டிப் படமும் இல்லை. அவற்றின் இடத்தை எண்ணிக்கை பிடித்துக்கொண்டது. 2019 ஜூலையில் பாட்ஷா என்னும் பாடகரின் ‘பாகல்’ பாட்டு, யூடியூபில் ஒரே நாளில் ஏழரைக் கோடி முறை பார்க்கப்பட்டதாக விளம்பரப்படுத்தப்பட்டது. உலகச் சாதனை என்று முழங்கினர். பணம் செலுத்தி விளம்பரமாகக் காட்டப்பட்டவையும் அக்கணக்கில் சேர்ந்திருந்தன என்பது பின்னர் விளங்கிற்று. யூடியூப் அதனைச் சாதனையாக ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், விளம்பரத்தால் வரும் பார்வைகளைத் தன் இசை வரிசையிலும் ஒருநாள் சாதனையிலும் சேர்ப்பதில்லை என்று விதி வகுத்தது. 1935இல் ஒரு இலட்சம் ரூபாய் செய்த வேலையைத்தான் இந்த ஏழரைக் கோடியும் செய்ய முயன்றது. பலர் விரும்பினர் என்று கேள்விப்பட்டதும் நாமும் விரும்பத் தலைப்படுவோம் என்பதே வணிகரின் கணக்கு.

பம்பாயிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. தொலைக்காட்சிப் போட்டி அவர்களையும் அழைக்கிறது. அங்கே பாட்டோடு உடையும், தாயின் கண்ணீரும், குடும்பத்தின் வறுமையும்கூடக் காட்சிப் பொருள்களாகின்றன. போக வேண்டாம் என்று தடுப்பது நம் நோக்கமன்று. போகுமுன் பெற்றோர் சிலவற்றை உசாவுதல் நலம். குழந்தையின் பாட்டும் படமும் யாருக்கு உரிமையாகும்? எத்தனை ஆண்டுகளுக்கு? வேறிடத்தில் பாடத் தடை உண்டா? வருவாயில் பங்கு உண்டா? கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுவதில் வெட்கம் ஏதுமில்லை. போட்டி முடிந்து மேடை விளக்கு அணைந்த பின்னும் குழந்தையோடு நிலைத்திருக்கப் போவது அது கற்ற பாடமே.

கேட்போராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஒரு பாட்டு மனத்தைத் தொட்டால், பாடியவர் யார், எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்டறிந்து பிள்ளைகளுக்கும் சொல்வோமாக. 1949இல் முகமறியா நேயர்கள் எழுதிய கடிதங்களே ஒரு பெயரை மீட்டன. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இன்றும் நம்மிடமே இருக்கிறது.