மூதூரின் வெள்ளம் மலையில் தொடங்குகிறது

"எமது பிரதேசத்தைத் தாக்கிய இயற்கை அனர்த்தம் ஒன்றைக் குறிப்பிடுக" என்று வகுப்பில் கேட்டால், பத்தாம் தரத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுனாமி என்றுதான் எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவர்கூட 2004இல் பிறந்திருக்கவில்லை. விடை சரிதான், புள்ளியும் போடுகிறேன். ஆனால் மூதூர்ப் பிரதேச மக்களைத் திரும்பத் திரும்ப வீட்டை விட்டு எழுப்பிக்கொண்டு வருவது கடல் அல்ல. ஆறு.

வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் இருக்கிறது. 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை அந்தக் குடாவில்தான் கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆறு பிரிந்து தெற்கே போய்க் கடலில் விழுகிறது. இந்த இரண்டு முகத்துவாரங்களுக்கும் நடுவில்தான் மூதூரும் தோப்பூரும் சேருவிலவும் ஈச்சிலம்பற்றும். முன்னால் கடல், இரு பக்கமும் ஆறு. வயலுக்கு வண்டல் தந்ததும் இந்த அமைப்புத்தான், ஊரை நனைப்பதும் இதுதான்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்காள விரிகுடாவின் தெற்கே உருவாகும் தாழமுக்கங்கள் மேற்கு நோக்கி நகரும்போது எமது கரை அவற்றின் வழியில் நிற்கிறது. மூதூர் உலகப் புத்தகங்களில் இடம்பிடித்ததற்கும் ஒரு புயல்தான் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. 1659 நவம்பரில் இந்தியாவின் கிழக்குக் கரையில் அடித்த புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல் தன் பாய்மரத்தை வெட்டிவிட நேர்ந்தது. புதிய பாய்மரம் நாட்டுவதற்காக அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அங்கேதான் 1660இல் ரொபர்ட் நொக்ஸ் தன் தந்தையோடு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்தார்.

1964 டிசம்பர் 22இல் வந்த சூறாவளி திருகோணமலைப் பகுதியைத் தாக்கிவிட்டு, அப்படியே போய் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. எங்கள் வாப்பாவின் தலைமுறைக்கு அது "அறுபத்திநாலு". 1978 நவம்பரில் வந்தது மட்டக்களப்பைத்தான் நொறுக்கியது. 2000 டிசம்பர் 26இல் வந்த சூறாவளி திருகோணமலைக்கு அருகிலேயே கரையேறியது. நோன்பின் கடைசி நாட்கள் அவை. பெருநாள் வாசலில் நின்ற வேளையில் கூரைத் தகரங்கள் பறந்தன. அப்போது பாலங்களும் இல்லை. திருகோணமலைக்குப் போவதென்றால் லோஞ்சு, அல்லது கிண்ணியா வழியே ஒன்றன்பின் ஒன்றாகப் பாதை. கடல் கொந்தளித்தால் ஊர் தனித்தீவுதான். 2009இல் கிண்ணியாப் பாலமும், அதைத் தொடர்ந்து மற்றப் பாலங்களும் வந்த பிறகே இந்த நிலை மாறியது. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கடந்தபோது எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

சுனாமி வந்தது அந்தச் சூறாவளிக்குச் சரியாக நான்கு வருடம் கழித்து, அதே டிசம்பர் 26இல். அதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. பிள்ளைகளுக்கு நான் வலியுறுத்தும் விடயம் ஒன்றுதான்: "கடல் உள்வாங்கினால் ஓடு" என்பது அரைப் பாடம். சுமாத்திராவுக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கம்தான் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே, எங்கள் பக்கம் முதலில் வந்ததே உயர்ந்த அலை. கடல் வற்றட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போய்விடும்.

இனி ஆற்றுக்கு வருவோம். 1957 டிசம்பர் பெருவெள்ளம், 2011 ஜனவரியிலும் பெப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளங்கள், 2025 நவம்பரில் டித்வா. இவற்றில் ஆற்றோரக் கிராமங்களை மூழ்கடித்தது ஊரில் பெய்த மழை மட்டுமல்ல. மத்திய மலைநாட்டில் பெய்யும் மழை மகாவலியில் இறங்கி, பொலன்னறுவைச் சமவெளியில் வில்லுகளை நிரப்பி, பிறகுதான் எங்களிடம் வருகிறது. இதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் எங்கள் வானம் வெளித்திருக்கும். "மழை விட்டுட்டுதானே" என்று மாட்டைப் பார்க்க வயலுக்குப் போனவர்கள் சிக்கிக்கொள்வது இப்படித்தான்.

விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். சாதாரண வெள்ளத்தை அவை தாங்கிப் பிடிக்கும். நீர்த்தேக்கம் நிரம்பிய பிறகும் மழை கொட்டினால், வருகின்ற நீரை வான்கதவால் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

2025 நவம்பர் 30ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். டித்வா இலங்கையை விட்டு நீங்கித் தமிழ்நாட்டுக் கரையோரம் நின்ற நாள் அது. அன்றுதான் மாவிலாறு அணைக்கட்டு உடைத்தது. மூதூர், சேருவில, வெருகல் பக்கத்து மக்களைக் கடற்படையும் விமானப்படையும் படகிலும் ஹெலிகொப்டரிலும் மீட்டன. 2006இல் இதே மாவிலாற்றின் கதவை மூடித் தண்ணீரை மறித்ததில் தொடங்கிய சண்டைதான் ஆகஸ்டில் மூதூர் மக்களைக் கந்தளாய்க்கு நடக்க வைத்தது. தண்ணீர் வராமலும் ஓடினோம், வந்தும் ஓடினோம்.

அனர்த்தம் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் எங்களுக்குள் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு ஊருக்குள் வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது கணக்கு, அதை நாங்கள் போட்டு வைத்திருக்கலாம். மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் அளந்து வெளியிடுகிறது. அந்த எண் ஏறுகிறதென்றால் எங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பொருள். 2025இல் அறிவித்தல்கள் தமிழில் உரிய நேரத்துக்கு வரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அது சீராகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மாரி தொடங்கியதும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவர் அந்த எண்ணைப் பார்த்து, தேவையானால் ஒலிபெருக்கியில் சொல்லலாம். கோயிலிலும் விகாரையிலும் அதையே சொன்னால் இன்னும் நல்லது. வெள்ளம் ஆள் பார்த்து வருவதில்லை.

1957ஐயும் 1964ஐயும் சிறுவராகக் கண்டவர்கள் எமது தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள், எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். தண்ணீர் எந்த வீட்டுப் படிவரை ஏறியது, எந்த மேட்டில் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இந்தத் தவணை எனது மாணவர்களுக்கான ஒப்படை அதுதான். உங்கள் வீட்டு மூத்தம்மா, மூத்தப்பாவிடம் பிள்ளைகள் கொப்பியோடு வந்தால், தயவுசெய்து உட்கார வைத்துச் சொல்லுங்கள்.