கால் வீங்கினால் தைலம் தேய்க்காதீர்கள்!

தாராவியில் ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் தோசை மாஸ்டர். திருநெல்வேலிப் பக்கம் ஊர்க் கோவில் கொடைக்குப் போயிருந்தார். திரும்பும்போது முன்பதிவு கிடைக்கவில்லை. பொதுப் பெட்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து மும்பை வந்து சேர்ந்தார். முப்பது மணி நேரத்துக்கு மேல் காலை நீட்ட இடமில்லை.

மறுநாள் இடது கெண்டைக்கால் வீங்கி வலித்தது. "ரயிலில் வந்த அசதி" என்றார். அறை நண்பர் தைலம் போட்டு அழுத்தி நீவி விட்டார். மூன்றாம் நாள் மூச்சு முட்டியது, நெஞ்சு வலித்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

உட்கார்ந்து வந்ததற்கும் ரத்தக்கட்டிக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே உண்டு.

கெண்டைக்கால் என்னும் பம்பு

இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளிவிடுகிறது. அந்த ரத்தம் மேலே ஏறித் திரும்ப வேண்டுமே! அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காதபடி சிரைகளுக்குள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருக்கின்றன.

மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் பம்பு நின்றுவிடுகிறது. ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் சிலருக்கு உறைந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு போனால், இதயத்தின் வழியாக நுரையீரலில் போய்ச் சிக்கும். உயிருக்கே ஆபத்து.

1940-ல் லண்டன் மீது குண்டு வீச்சு நடந்தபோது, மக்கள் பதுங்குமிடங்களில் நாற்காலியில் உட்கார்ந்தே இரவைக் கழித்தனர். குண்டு படாமலே சிலர் இறந்தனர். கால் ரத்தக்கட்டி நுரையீரலை அடைத்ததே காரணம் என்று டாக்டர் கீத் சிம்ப்சன் எழுதினார். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம், விமானமோ ரயிலோ பஸ்ஸோ, இந்த ஆபத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. ஆனால் நல்ல ஆரோக்கியமுள்ளவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே இது வரும் என்பதையும் சொன்னது. ஆகவே பீதி வேண்டாம், கவனம் போதும்.

ஆபரேஷன் ஆனவர்கள், எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டவர்கள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்றவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோயாளிகள், முன்பே கட்டி வந்தவர்கள் ஆகியோருக்குக் கவனம் கூடுதலாக வேண்டும்.

நரம்பு சுருட்டல் வேறு

நாள் முழுதும் நின்று வேலை செய்பவர்கள் பலருக்குக் காலில் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருக்கும். "நரம்பு சுருட்டல்" என்கிறோம். உண்மையில் அது நரம்பல்ல. வால்வு பழுதான சிரை. இது பெரும்பாலும் உடனடி ஆபத்தல்ல. ஆனால் விட்டுவிட்டால் கணுக்கால் அருகே தோல் கறுத்து, ஆறாத புண் வரலாம். படுக்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைப்பதும், டாக்டர் சொல்லும் இறுக்கமான காலுறை அணிவதும் உதவும். இப்போது லேசர் சிகிச்சையும் இருக்கிறது.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் கட்டி இருப்பது தெரிந்துவிடும். தைலம் தேய்ப்பது, நீவுவது, சுளுக்கு எடுப்பது கூடவே கூடாது, கட்டி நகர்ந்துவிடலாம். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைப் பொதுவாகக் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். நம்மவர்கள் தவறு செய்வது இங்கேதான். வீக்கம் வடிந்ததும் "குணமாகிவிட்டது" என்று நிறுத்திவிடுகிறார்கள். அல்லது ஊருக்குப் போகும்போது மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். டாக்டர் சீட்டும் மாத்திரையும் பெட்டியில் முதலில் போக வேண்டும். மருந்துக் கடையில் தாமாக வலி மாத்திரை வாங்கிச் சேர்த்து விழுங்கினால் ரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.

அடுத்த முறை ரயில் ஏறும்போது இதைச் செய்யுங்கள். மணிக்கொரு முறை எழுந்து நில்லுங்கள். இடமில்லையா? உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பாதத்தைச் சுழற்றுங்கள். கழிவறைக்குப் போக வழியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். எழுந்து போய் வருகிற அந்த நாலு அடியும் காலுக்கு நல்லதுதான்.

தோசை மாஸ்டர் இப்போது மீண்டும் கல்லடியில் நிற்கிறார். மாத்திரையைத் தவறவிடுவதில்லை. தைலம் போட்ட நண்பர்தான் தினமும் ஞாபகப்படுத்துகிறார்.