பெயரிலேயே தமிழ்

ராசாவில் என் சித்தி வீட்டுப் பின்னறையில் பழைய மெத்தைகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறார்கள். சித்தி மகன் கித்தார் வாசித்துப் பாடி, கைப்பேசியில் பதிவு செய்யும் இடம் அதுதான். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவினால் மறுபடியும் முதலிலிருந்து!

இதுவரை நான்கு பாடல்கள் முடிந்துவிட்டன. நான்கும் ஆங்கிலம். ஐந்தாவதில் மட்டும் பாட்டி விடிகாலையில் பால் வெட்டப் போன கதை தமிழில் வருகிறது. போன வாரம் அவன் கேட்டான்: "அக்கா, அந்தத் தமிழ் வரிகளை எடுத்துடவா? மத்தவங்க கேக்க மாட்டாங்க."

அவனுக்குப் பதிலாக நான் பிரியா ராகுவின் பாடல்களைப் போட்டுக் காட்டினேன்.

பிரியா ராகு சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் இலங்கைப் போரினால் அங்கே போன தமிழர்கள். சிறு வயதிலேயே அப்பாவின் இசைக்குழுவில் பாடியிருக்கிறார். ஆனால் பிழைப்புக்குப் பாட்டு இல்லை, விமான நிறுவனம் ஒன்றில் பொருள் கொள்முதல் வேலை. முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் சில மாதங்கள் நியூயார்க்கில் தங்கி, பாடல் எழுதுவதில் முழுதாக இறங்கினார். இசையமைப்பு அவருடைய அண்ணனுடையது. ஜாப்னா கோல்ட் என்பது அவரது மேடைப் பெயர். 'ஜாப்னா' என்றால் யாழ்ப்பாணம். ஊரையே பெயராக வைத்துக்கொண்டவர்!

முதல் பாடல்களை இருவரும் பெரிய நிறுவனம் எதுவும் இல்லாமலே வெளியிட்டார்கள். 2020-இல் வந்த 'குட் லவ் 2.0' பாடல் 'ஃபிஃபா 21' காற்பந்து விளையாட்டில் இடம்பெற்றது. விளையாடிய நம் பையன்கள் பலர் பாடுவது தமிழ்ப் பெண் என்று தெரியாமலே கேட்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வார்னர் நிறுவனத்தின் ஒப்பந்தம். 2021 செப்டம்பரில் முதல் தொகுப்பு வந்தது. அதன் பெயர் 'டேம்ன்ஷீஸ்தமிழ்'. நம் பேச்சில் சொன்னால், 'அட, இவ தமிழ்ப் பொண்ணா!' 2023-இல் வந்த முழு ஆல்பத்தின் பெயர் 'சந்தோசம்'.

சோல் இசைக்குள் நாதஸ்வரமும் தவிலும் நுழைந்தால் ஒட்டாது என்றுதான் நானும் நினைத்தேன். அவருடைய பாடல்களில் தமிழ் வாத்தியங்களும் தமிழ்ச் சொற்களும் வந்து போகும்போது விருந்தாளி மாதிரி தெரியவில்லை, வீட்டு ஆள் மாதிரிதான் இருக்கிறது. எல்லாப் பாடலும் எனக்குப் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் தாளத்தின் சத்தம் குரலை அமுக்கிவிடுகிறது. சித்தி மகனின் ஒற்றைக் கித்தார் அந்த வகையில் மேல்!

நம் நாட்டிலும் யூனா இருக்கிறார். சட்டம் படித்துக்கொண்டே கித்தாரோடு பாடி, 2008-இல் முதல் தொகுப்பைச் சொந்தமாக வெளியிட்டவர். படிப்பை விட்டால்தான் பாட்டு என்று நினைக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். சித்தியிடமும் சொன்னேன். "முதல்ல எஸ்.பி.எம். முடியட்டும்," என்றார். அதுவும் நியாயம்தான்.

ஐந்தாவது பாடலை நேற்று மறுபடியும் பதிவு செய்தோம். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தோம். வாளியைத் தோட்டத்தில் எப்படிச் சொல்வார்கள் என்று அவன் கேட்க, பாட்டி திருத்தினார். திருத்திய வரியைப் பாடி முடிக்கும் நேரத்தில் சேவல் கூவிவிட்டது.

இந்த முறை அவன் அதை அழிக்கவில்லை.