சின்னத்திரையிலும் பாடபேதம் உண்டு

ஏட்டுச் சுவடிக்குத்தான் பாடபேதம் உண்டு என்பது நம் எண்ணம். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றுவதற்கு முன் உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடி ஒப்பிட்டதையும், விளங்காத இடங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் தமிழ் அன்பர்கள் அறிவார்கள். ஓர் ஏட்டில் இருக்கும் செய்யுள் இன்னோர் ஏட்டில் இராது. பெயர்த்து எழுதினவன் கை சோர்ந்த இடத்தில் நாலு வரி விழுந்து போயிருக்கும். அதே சங்கதிதான் இன்று நம் வீட்டு டி.வி. பெட்டியிலும் நடக்கிறது. துருக்கி நாடகம், கொரிய நாடகம், பாகிஸ்தான் நாடகம், அமெரிக்க சீரியல் என்று வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்குகிறதே, அதில் மாமியார் சேனலில் பார்த்தது ஒரு பாடம். மருமகள் செல்போனில் பார்த்தது வேறொரு பாடம். தலைப்பு ஒன்று, பார்த்தது வேறு. பிறகு சாப்பாட்டு நேரத்தில் "அந்தப் பொண்ணு செஞ்சது சரியா?" என்று வாதம் கிளம்பினால் எப்படி முடியும்?

இந்த வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் விளம்பரமே காரணம். விளம்பரம் என்றால் கதை நடுவே வரும் தொந்தரவு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்து வரலாம், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தன் நாட்டில் எத்தனை நிமிடத்துக்கு ஒரு தரம் விளம்பரம் வரும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத்தாளர் நாடகத்தையே எழுதுகிறார். அது வேறு கணக்கு உள்ள நாட்டுக்கு வரும்போது, அவர் மூச்சு விடச் சொன்ன இடத்தில் கதை ஓடும். ஓடச் சொன்ன இடத்தில் சோப்பு விளம்பரம் வந்து நிற்கும்.

எங்கள் ஜவுளி வியாபாரத்தில் கஜம் வேறு, மீட்டர் வேறு. டி.வி.யில் 'ஒரு மணி நேரம்' என்பதும் ஊருக்கு ஊர் மாறும் அளவுதான். நம் நாட்டில் கேபிள் டெலிவிஷன் விதிகளின்படி மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் போடலாம். அதில் 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனல் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது. (இதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த 2013-ல் டிராய் முனைந்தபோது சேனல்கள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.) ஆக, நிகழ்ச்சிக்கு மிஞ்சுவது 48 நிமிடம். அமெரிக்கப் பெரிய நெட்வொர்க்குகளில் ஒரு மணி நேர நாடகம் என்பது 42 முதல் 44 நிமிடம். லண்டன் பி.பி.சி.க்கோ உள்நாட்டில் விளம்பரமே கிடையாது. அவர்களுடைய ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட முழு மணி நேரம். 58 நிமிடச் சரக்கை 48 நிமிடப் பெட்டியில் எப்படி அடைப்பது? ஒன்று, பெட்டியை ஒன்றேகால் மணி நேரமாகப் பெரிதாக்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கை வெட்ட வேண்டும். எது லாபம் என்று கடைக்காரனைக் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கர்கள் இந்த இடைவேளையையே ஒரு கலையாக ஆக்கிவிட்டார்கள். ஒரு மணி நேரத்தை நாலைந்து அங்கமாகப் பிரித்து, ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் ஒரு கொக்கி போடுவார்கள். கதவு தட்டப்படும், போன் அடிக்கும், திரை கறுக்கும். விளம்பரம் முடிந்து வந்தால்தான் தட்டியது யார் என்று தெரியும். நம்மூர் ஆங்கில சேனலில் பார்த்தவர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம் இருக்கும். திரை கறுத்து ஒரு விநாடியில் கதை தொடர்ந்துவிடும், விளம்பரம் வராது. ஐந்து நிமிடம் கழித்து, இருவர் முக்கியமாகப் பேசிக்கொண்டிருக்கையில் வாக்கியத்தின் பாதியில் விளம்பரம் வந்து விழும். கொக்கி ஒரு பக்கம், மாட்ட வேண்டிய சட்டை வேறு பக்கம்.

இதற்கு உச்சமான உதாரணம், ஃபாக்ஸ் நெட்வொர்க்கில் 2001-ல் தொடங்கிய '24'. ஒரு நாளின் 24 மணி நேரம், 24 பகுதிகள், கதைக்குள் ஒரு மணி நேரம் என்றால் பார்ப்பவருக்கும் ஒரு மணி நேரம். திரையில் அடிக்கடி ஒரு கடிகாரம் டிக் டிக் என்று ஓடும். ஆனால் நாடகம் 40 சொச்ச நிமிடம்தானே, மீதி எங்கே போயிற்று? விளம்பரம் ஓடும்போது கதைக்குள்ளும் நேரம் ஓடுகிறது என்பதுதான் அதன் சூட்சுமம். இடைவேளைக்கு முன் காட்டிய நேரத்துக்கும் பின் காட்டும் நேரத்துக்கும் சில நிமிடம் வித்தியாசம் இருக்கும். அந்த நிமிடங்களில்தான் கதாநாயகன் காரை ஓட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்ச் சேருவான். இதையே விளம்பரம் இல்லாத டி.வி.டி.யில் பார்த்தால் கடிகாரம் திடீரென்று தாவுகிறது. விளம்பரத்தை எடுத்தால் நாடகம் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல பதில். (நம்ம அனில் கபூர் இதன் எட்டாவது பருவத்தில் 2010-ல் நடித்தார்; பிறகு 2013-ல் கலர்ஸ் சேனலுக்காக ஹிந்தியிலும் எடுத்தார்.)

கொரியாக்காரர்கள் கணக்கு நேர் எதிர். அங்கே கே.பி.எஸ்., எம்.பி.சி., எஸ்.பி.எஸ். ஆகிய ஒளிபரப்புகளில் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 1970-களில் விதித்த தடை 2021 ஜூலை வரை இருந்தது. விளம்பரம் எல்லாம் முன்னும் பின்னும்தான். ஆகவே ஒரு மணி நேரமும் ஒரே ஓட்டம். கொக்கி கடைசியில் ஒன்றே ஒன்று. 2017 வாக்கில் அந்த நிறுவனங்கள் ஒரு தந்திரம் செய்தன. ஒரு பகுதியை முதல் பாதி, இரண்டாம் பாதி என்று இரண்டு நிகழ்ச்சியாகக் கணக்குக் காட்டி, நடுவே ஒரு நிமிட விளம்பரத்தை நுழைத்துவிட்டன! விதிக்கும் பங்கமில்லை, கல்லாவுக்கும் பங்கமில்லை. 2010 முதல் கதைக்குள்ளேயே பொருளைக் காட்டும் மறைமுக விளம்பரத்துக்கும் சட்டப்படி அனுமதி கிடைத்தது. கொரிய நாடகங்களில் கதாநாயகி ஏன் எப்போதும் அதே காப்பிக் கடையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று கேட்கும் பெண்களுக்கு விடை இதுதான்.

எம்.பி.சி.யில் 2003-04-ல் வந்த 'தே ஜாங் கும்', அரண்மனைச் சமையற்கட்டில் பணிப்பெண்ணாகச் சேர்ந்து அரசரின் வைத்தியராக உயர்ந்த பெண்ணின் கதை, 54 பகுதிகள். 2006-ல் தூர்தர்ஷன் அதை 'கர் கா சிராக்' என்று ஹிந்தியில் காட்டியது. அதன் அழகே நிதானம்தான். காய் நறுக்குவதும், குழம்பைச் சுவைத்துவிட்டு மூத்த பணிப்பெண் ஒன்றும் சொல்லாமல் நிற்பதும்தான் அங்கே சண்டைக் காட்சி. இடைவேளையே இல்லாமல் பார்க்க வேண்டும் என்று எடுத்ததை நாலாக நறுக்கினால், 'என்ன இது, ஒண்ணுமே நடக்கலியே' என்றுதான் தோன்றும். 2013-ல் தொடங்கிய புதுயுகம் தொலைக்காட்சி கொரிய நாடகங்களைத் தமிழ் பேச வைத்தபோது இளம் பிள்ளைகள் விழுந்து விழுந்து பார்த்தார்கள். பெரியவர்கள் பலருக்கு ஒட்டவில்லை. ரசனை வேறுபாடு மட்டுமல்ல, நறுக்கலுக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

துருக்கி நாடகம்தான் இந்த விஷயத்தில் மிகவும் யோசிக்க வைப்பது. அங்கே வாரம் ஒரு பகுதி. அந்த ஒரு பகுதி 90 நிமிடத்தில் ஆரம்பித்து, நாளாவட்டத்தில் இரண்டு மணி நேரத்தையும் தாண்டிவிட்டது. விளம்பரத்தோடு சேர்த்தால் மூன்று மணி நேரம். ஒரே நாடகத்தை வைத்து ராத்திரி முழுவதையும் நிரப்பினால் சேனலுக்குச் சிக்கனம். எழுதுகிறவர்களும் நடிப்பவர்களும் கேமராக்காரர்களும் ஒரு வாரத்துக்குள் ஒரு சினிமா அளவு வேலை செய்தாக வேண்டும். 2010 கடைசியில் இவர்கள் இஸ்தான்புல்லில் தெருவில் இறங்கி, உள்நாட்டு நாடகம் வேண்டாத நீளம் என்று கோஷம் போட்டார்கள். நீளத்தை நிரப்ப ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், வாத்தியம் ஒலிக்கும், நிமிடங்கள் போகும்.

இதை வெளிநாட்டுக்கு விற்கும்போது 45 நிமிடத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். பகுதிகளின் எண்ணிக்கை இரட்டிப்புக்கு மேலும் ஆகிவிடும். ஒரு பட்டுச் சேலையை நடுவில் வெட்டி இரண்டு பேருக்கு விற்றால் என்ன ஆகும்? ஒருத்திக்கு முந்தானை கிடைக்கும். இன்னொருத்திக்கு வெறும் உடல். முந்தானை இல்லாத துண்டின் கடைசியில் வாத்தியத்தை ஏற்றி, ஒரு முகத்தை உறைய வைத்து, இதுதான் முடிவு என்று ஒப்பேற்றுகிறார்கள். நிமிடக் கணக்கு இடித்தால் முதலில் கத்தரிக்கு இரையாவது அந்த மௌனப் பார்வைகளே. வசனத்தை வெட்டினால் கதை புரியாது. மௌனத்தை வெட்டினால் யாருக்குத் தெரியப் போகிறது?

தெரியத்தான் செய்கிறது. 'பாத்மாகுல்' என்று ஜிந்தகி சேனலில் ஹிந்தி டப்பிங்கில் வந்த நாடகத்தை மும்பை, டெல்லித் தமிழ் வீடுகளில் பலர் பார்த்திருப்பார்கள். பெரென் சாத், எங்கின் அக்யுரெக் நடித்தது. துருக்கியில் கனால் டி. சேனலில் 2010 செப்டம்பரிலிருந்து 2012 ஜூன் வரை 80 வாரப் பகுதிகளாக ஓடியது. நாலு பேர் இருந்த இடத்தில் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுமை நடக்கிறது. பணக்காரர்கள் தப்பித்துக்கொள்ள, அந்தக் கூட்டத்தில் இருந்த ஏழைப் பையனுக்கு அவளைக் கட்டி வைத்துவிடுகிறார்கள். அவன் முகத்தைப் பார்க்கவும் கூசுகிறவள், வெகு காலத்துக்குப் பிறகு அவனை நம்பத் தொடங்குகிறாள். துருக்கிக்காரர் இதை ஏறக்குறைய இரண்டு வருஷம் வாரா வாரம் பார்த்தார்கள். நடுவே ஆறு நாள் யோசிக்க, அக்கம்பக்கத்தில் பேச, கோபப்பட நேரம் இருந்தது. நாமோ தினசரி பார்த்தோம். சில மாதங்களில் கதை ஓடிவிட்டது. "என்னங்க இது, இவ்வளவு சீக்கிரம் மன்னிச்சிட்டாளே, இதையா பெண் பிள்ளைகளுக்குக் காட்டறது?" என்று எங்கள் கட்டடத்தில் ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெண் சீக்கிரம் மன்னிக்கவில்லை. அவளுடைய தயக்கத்துக்கு மூலத்தில் கொடுத்த காலம்தான் நம்மிடம் வரும்போது சுருங்கிவிட்டது. ஒரு தேசத்துப் பெண்களைப் பற்றியே நாம் ஓர் அபிப்பிராயம் கொண்டுவிடுகிறோம். அந்த அபிப்பிராயத்தில் பாதி, அட்டவணை போட்டவர் கைவேலை.

அதே ஜிந்தகி சேனல் 2014 ஜூனில் தொடங்கியபோது 'ஜிந்தகி குல்சார் ஹை' என்ற பாகிஸ்தான் நாடகத்தையும் காட்டியது. கராச்சியில் ஹம் டி.வி.யில் வாரம் ஒன்றாக 26 பகுதிகள், ஆறு மாதம். இங்கே தினசரி போட்டு ஒரே மாதத்தில் முடித்துவிட்டார்கள். இங்கே அவ்வளவு கெடுதல் இல்லை. ஒரு பகுதி 40 நிமிடம்தான் என்பதால் முந்தானை பத்திரமாக இருந்தது. நம் ஹிந்தி சீரியல் மாதிரி ஆயிரம் பகுதி இழுக்காமல் கதை முடிந்தது என்பதே பலருக்கு ஆச்சரியம். ஆனால் 2016 செப்டம்பரில், உரி தாக்குதலுக்குப் பிறகு, அந்தச் சேனல் பாகிஸ்தான் நாடகங்களை நிறுத்திவிட்டது. 2017-ல் அதன் டி.வி. ஒளிபரப்பே நின்றது. 2025 மே மாதம் ஓ.டி.டி. தளங்களிலிருந்தும் பாகிஸ்தான் நிகழ்ச்சிகளை எடுத்துவிடச் சொல்லி அரசு அறிவுறுத்தியது. இது வேறு வகைக் கத்தரி. இங்கே அதிகம் பேச வேண்டாம்.

வெட்டு என்று எல்லாரும் கூவுவதெல்லாம் வெட்டும் அல்ல. 'டவுன்டன் ஆபி' என்ற ஆங்கிலேயப் பிரபுக் குடும்ப நாடகம் 2010-ல் ஐ.டி.வி.யில் விளம்பரங்களோடு 7 பகுதிகளாக வந்தது. அடுத்த ஜனவரியில் அமெரிக்காவின் பி.பி.எஸ். அதை 4 பகுதிகளாகக் காட்டியது. அமெரிக்கர்களுக்குப் புரியாது என்று இரண்டு மணி நேரத்தை வெட்டிவிட்டார்கள் என ஒரு லண்டன் பத்திரிகை எழுதியது. பி.பி.எஸ். சொன்ன பதில்: எங்களிடம் நடுவே விளம்பரம் இல்லை, அந்த நேரத்தைக் கழித்துப் பாருங்கள், வித்தியாசம் கொஞ்சம்தான். ஆகவே பகுதி எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. மொத்த நிமிடத்தைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். மூலத்தில் எத்தனை பகுதி, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் என்பது இன்று வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நம்மிடம் வந்ததையும் அதே மாதிரி பெருக்கலாம். அதில் இடைவேளைக்குப் பின் பழைய காட்சியை மறுபடி காட்டும் விநாடிகளையும், 'முன்கதை'யையும் கழிக்க வேண்டும், அதெல்லாம் வைக்கோல். காதுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பின்னணி வாத்தியம் பாதி ராகத்தில் அறுந்து வேறு ராகம் தொடங்கினால், அந்த இடத்தில் ஏதோ போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

இப்போது பலரும் ஓ.டி.டி.க்கு மாறிவிட்டார்கள், அங்கே பெரும்பாலும் மூல நீளத்திலேயே கிடைக்கிறது, விளம்பரத் தொல்லையும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 2025 ஜூனில் அமேசான் பிரைம் வீடியோ இந்தியாவிலும் விளம்பரத்தைக் கொண்டு வந்தது. வேண்டாம் என்றால் சந்தாவுக்கு மேல் தனியாகப் பணம் கட்ட வேண்டும். கட்டுவதா, வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.