தீம் பார்க் டூர்: டிக்கெட்டோடு முடியாத செலவு! உள்ளே போனதும் பர்ஸ் காலியாகாமல் தப்பிப்பது எப்படி?

சென்னை:

கோடை லீவு விட்டாச்சு என்றாலே போதும். 'அப்பா, தீம் பார்க் எப்போ கூட்டிட்டுப் போறீங்க?' என்று வீட்டுக்கு வீடு பிள்ளைகளின் நச்சரிப்பு தொடங்கிவிடும்.

சென்னையைச் சுற்றி தீம் பார்க்குகளுக்குப் பஞ்சமில்லை. கிழக்கு கடற்கரை சாலையில் ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம்., பூந்தமல்லியைத் தாண்டி குயின்ஸ்லேண்ட் என்று வரிசையாக இருக்கின்றன. திருப்போரூர் அருகே இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லாவும் திறக்கப்பட்டது.

டிக்கெட் எவ்வளவு என்று எல்லோரும் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளே போன பிறகு சாப்பாடு, தண்ணீர், ஐஸ்கிரீம், லாக்கர், டிரஸ் வாடகை என்று பத்தும் இருபதுமாகப் போகிற பணத்தை யாரும் கணக்குப் போடுவதில்லை. கையைக் கடிப்பது அதுதான். லீவு முடிந்து ஜூன் பிறந்தால் நோட்டு, ஷூ, பை, யூனிபார்ம் என்று அடுத்த செலவு காத்திருக்கிறது. அந்தப் பணத்தில் கை வைக்காமல் டூர் போய் வருவது எப்படி? இதோ வழிகள்:

டிக்கெட்டிலேயே ஒரு சூட்சுமம்

தீம் பார்க் நுழைவுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு. முதலில் 28 சதவீதமாக இருந்த வரி, 2018 ஜனவரியில் 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே விளம்பரத்தில் போட்டிருக்கும் விலை வரியோடு சேர்த்தா, வரி தனியா என்று முதலில் கேளுங்கள். 1,000 ரூபாய் டிக்கெட்டுக்கு வரி தனி என்றால் 1,180 ரூபாய் ஆகிவிடும். நாலு பேருக்கு 720 ரூபாய் கூடுதல். ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு அங்கேயே போச்சு!

பல பார்க்குகளில் குழந்தை டிக்கெட்டுக்கு வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கூல், காலேஜ் ஐ.டி. கார்டுக்குத் தள்ளுபடி தருகிற இடங்களும் உண்டு. சனி, ஞாயிறை விட வார நாட்களில் பெரும்பாலும் விலை குறைவு. கூட்டமும் குறைவு.

கட்டுச்சோறு செல்லுமா?

பெரும்பாலான பார்க்குகளில் வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி கிடையாது. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆசையாகக் கட்டிக்கொண்டு போன புளியோதரையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டி வரும். ஒருமுறை உள்ளே போய்விட்டு வெளியே வந்தால் மறுபடி விடாத இடங்களும் உண்டு.

அதனால் காலை டிபனை வீட்டில் இருந்து எடுத்துப்போய், வாசலுக்கு வெளியிலேயே எல்லோரும் வயிறார சாப்பிட்டுவிடுங்கள். இட்லி, பொடி போதும். காலையில் வெறும் வயிற்றோடு உள்ளே போனால் 11 மணிக்கே பிள்ளைகள் கடையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ராட்டினத்தில் ஏறினால் தலையும் சுற்றும்.

கைக்குழந்தைக்குப் பால், கஞ்சி, சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை, பிஸ்கெட் போன்றவற்றை அனுமதிப்பார்களா என்று முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலுக்கு கூடுதல் காசா?

வெயில் நேரத்தில் தண்ணீருக்கும் செலவாகும். காலி பாட்டில் கொண்டுபோக விடுவார்களா, உள்ளே குடிநீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று நுழையும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்க வேண்டியது வந்தால் பாட்டிலில் அச்சடித்த எம்.ஆர்.பி. விலையைப் பாருங்கள். 2011-ம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அந்த விலைக்கு மேல் கடைக்காரர் விற்கக் கூடாது. 20 ரூபாய் என்று போட்டிருந்தால் 20 ரூபாய்தான். பார்க் என்பதால் 30 ரூபாய் என்று கேட்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஓட்டலில் உட்கார வைத்துப் பரிமாறும்போது பாட்டில் தண்ணீருக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்துள்ளது. எனவே தண்ணீரைப் பெட்டிக்கடை மாதிரி உள்ள ஸ்டாலில் வாங்குவதே நல்லது.

சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகப் போட்டிருந்தால், அதைக் கட்டாயம் கொடுக்க வேண்டியதில்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் உத்தரவிட்டது. டெல்லி ஐகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ஜி.எஸ்.டி. என்பது வேறு. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். கூடுதல் விலை கேட்டால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட்டும் பஸ் செலவும் தனி. கீழே உள்ள விலைகள் ஓர் உதாரணத்துக்குத்தான். பார்க்குக்கு பார்க் மாறும்.

எந்தத் திட்டமும் இல்லாமல் போனால்:

மதியச் சாப்பாடு (தலைக்கு 250) - ரூ.1,000
தண்ணீர் 5 பாட்டில் - ரூ.100
சாயங்கால நொறுக்குத்தீனி - ரூ.400
ஐஸ்கிரீம் இரண்டு ரவுண்டு - ரூ.400
லாக்கர் - ரூ.150
நீச்சல் டிரஸ் வாடகை - ரூ.400
வளையம் வீசுவது போன்ற காசு விளையாட்டு - ரூ.300
போட்டோ - ரூ.250
மொத்தம் - ரூ.3,000

திட்டம் போட்டுப் போனால்:

வீட்டு டிபன் - ரூ.150
மதியம் பெரியவர்களுக்கு இரண்டு சாப்பாடு, பிள்ளைகளுக்கு ஒரு பிரைடு ரைஸ் பங்கு - ரூ.700
சாயங்காலம் டீ, பஜ்ஜி - ரூ.160
ஐஸ்கிரீம் ஒரே ஒரு ரவுண்டு - ரூ.200
எல்லோருக்கும் சேர்த்து ஒரே லாக்கர் - ரூ.150
பிள்ளைகள் கைச்செலவு ஆளுக்கு 100 - ரூ.200
அவசரத்துக்கு - ரூ.300
மொத்தம் - ரூ.1,860

அவசரப் பணத்தைத் தொடாமல் திரும்பினால் செலவு 1,560 ரூபாய்தான். மிச்சம் 1,440 ரூபாய். ஒரு பிள்ளைக்கு ஷூவும் நோட்டுகளும் வாங்க அந்தப் பணம் கை கொடுக்கும். யாரும் பட்டினி கிடக்கவில்லை, ஐஸ்கிரீமும் சாப்பிட்டாச்சு என்பது குறிப்பிடத்தக்கது.

டிரஸ், லாக்கர், போட்டோ உஷார்!

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் மாதிரியான துணியில்தான் விடுவார்கள். காட்டன் சட்டை, புடவை, சுடிதார் துப்பட்டாவுக்கு அனுமதி இருக்காது. இது தெரியாமல் போகிறவர்கள்தான் வாசலில் வாடகைக்கோ, விலைக்கோ எடுக்கிறார்கள். வீட்டில் இருக்கும் விளையாட்டு டி-சர்ட், டிராக் பேண்ட் செல்லுமா என்று கேட்டு எடுத்துப்போங்கள். துண்டு, மாற்றுத் துணி, ஒரு பிளாஸ்டிக் பை மறக்காதீர்கள்.

லாக்கருக்கு முன்பணம் வாங்கினால் ரசீதைத் தொலைக்காமல், கிளம்பும்போது பணத்தைத் திருப்பி வாங்குங்கள். உள்ளே செலவு செய்ய பணம் ஏற்றும் கார்டு கொடுக்கும் இடங்களில், மொத்தமாக ஏற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மீதி திரும்பக் கிடைக்குமா, எத்தனை மணிக்குள் வாங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். போட்டோவை தண்ணீரில் இறங்கும் முன்பே உங்கள் செல்போனில் எடுத்து முடித்துவிடுங்கள்.

பிள்ளைகள் கையில் காசு

'அது வேணும், இது வேணும்' என்ற அழுகைக்கு நல்ல மருந்து, பிள்ளைகளிடமே ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்துவிடுவதுதான். 'இது உன் காசு. பொம்மை வாங்கினாலும் சரி, விளையாடினாலும் சரி. தீர்ந்தா தீர்ந்ததுதான்' என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அப்பா காசு என்றால் அள்ளி விடும் பிள்ளை, தன் காசு என்றால் பத்து தடவை யோசிக்கும்.

பெரியவர்களும் பணத்தை மூன்று கவரில் பிரித்து வைப்பது நல்லது. ஒன்று சாப்பாடு, ஒன்று மற்ற செலவு, ஒன்று வீடு திரும்பும் பஸ் காசும் அவசரமும். மூன்றாவது கவர் அம்மாவிடமே இருக்கட்டும். செல்போனில் ஸ்கேன் செய்து கட்டும்போது எவ்வளவு போனது என்றே தெரியாது. கவரில் நோட்டு குறைவது கண்ணுக்குத் தெரியும்.

கடன் மட்டும் வேண்டாம்

டூருக்காக வட்டிக்கு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. ஐந்து வட்டிக்கு 5 ஆயிரம் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி. அசலைத் தொடாமல் 10 மாதம் இழுத்தால் வட்டி மட்டும் 2,500 ரூபாய். ஒரு நாள் ஜாலிக்கு பத்து மாதம் கப்பம் கட்ட வேண்டுமா?

அதற்குப் பதிலாக குடியரசு தினத்தன்று ஓர் உண்டியல் வையுங்கள். தினம் 20 ரூபாய் போட்டால் 100 நாளில், அதாவது மே முதல் வாரத்தில் 2 ஆயிரம் ரூபாய் சேர்ந்துவிடும். மேலே சொன்ன 1,860 ரூபாய் கணக்கு அதிலேயே அடங்கிவிடும். பிள்ளைகள் கையாலேயே காசு போடச் சொல்லுங்கள். அது எப்படிச் சேர்ந்தது என்று அவர்களுக்கும் தெரியும்.

இந்த வருஷம் பணம் சேரவில்லை என்றால் ஒரு நாள் மெரினாவுக்கோ, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கோ கூட்டிப்போங்கள். தீம் பார்க் எங்கேயும் ஓடிவிடாது. அடுத்த வருஷம் உண்டியலை உடைத்துவிட்டு, கடன் இல்லாமல் ஜாலியாகப் போய் வரலாம்!