நரம்பு வைத்தியமும் நெசவாளியின் கையும்

ஆரணிப் பட்டுக்குப் பேர் தேடித் தரும் ஊர்களில் பெரணமல்லூரும் ஒன்று. அங்கே தறியில் அமர்பவருக்கு நாடாவை ஓட்டும் கையும், மிதியை அழுத்தும் காலும், அறுந்த இழையை முடிச்சிடும் விரலுமே ஆஸ்தி. அவ்விரல்கள் ஒருநாள் சோர்ந்து மடங்கினால், 'வாதம்' என்றோ 'விதி' என்றோ சொல்லி வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். இவ்வழக்கம் ஒழிய வேண்டுமென்பதே நமது கருத்து.

துணியில் பழுது கண்ட நெசவாளி, குறை நூலிலா, அச்சிலா, விழுதிலா என்று ஆராய்கிறார். நரம்பு வைத்தியரின் தொழிலும் அத்தகையதே. சோர்வு ஒன்றாயினும் அதன் இருப்பிடம் வேறு. குஷ்டத்தில் விரல் மடங்குவது நரம்பு கெடுவதால்; ஆரம்பத்திலேயே மருந்துண்டால் கையைக் காக்கலாம். காலையில் தெளிந்திருந்த கண்ணிமை மாலையில் தாழ்ந்து தொங்கினால், நரம்பும் தசையும் கூடுமிடத்தில் கோளாறு இருக்கக் கூடும்; அதை மருந்தால் பெரும்பாலும் அடக்கலாம். பிறவி வழி வரும் தசைநலிவிலோ குறை தசையிலேயே உள்ளது. கால்களில் தொடங்கிய தளர்ச்சி சில நாட்களில் மேலேறினால், மூச்சே நிற்கக் கூடுமாதலால், ஒரு பொழுதும் தாமதிக்கலாகாது.

இப்பகுத்தறியும் கலை நம் நாட்டில் தனித் துறையாக வேரூன்றிய வரலாறு போற்றத்தக்கது. 1910-ல் கோட்டயத்தில் பிறந்து சென்னையில் வைத்தியம் பயின்ற டாக்டர் ஜேகப் சாண்டி, பஹ்ரைனில் பணி புரிந்து, கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பேரறிஞர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றார். சுதந்திரம் பெற்ற இரண்டாம் ஆண்டில், 1949-ல், தாயகம் திரும்பி வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரியில் நரம்பு வைத்திய இலாகாவை நிறுவினார். நரம்பியல் நிபுணர் பல்தேவ் சிங் அங்கே அவருக்குத் துணை நின்றார். 1950-ல் டாக்டர் ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் நரம்பு அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். இம்மூவரும் டாக்டர் எஸ். டி. நரசிம்மனும் கூடி 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தனர். சாண்டிக்கு 1964-ல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 2007-ல் அவர் காலமானார்.

இம்முயற்சியின் பலன் யாது? மேல்நாட்டு நூல்களை மனனம் செய்வதோடு நம் வைத்தியர்கள் நின்றுவிடவில்லை. இளவயதிலே கைகால் மெலிந்து, முகமும் தொண்டையும் தளர்ந்து, பலருக்குச் செவியும் மந்தமாகி, மெள்ள மெள்ள முற்றும் ஒரு நோயை மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய மூவரும் 1970-ல் எடுத்துரைத்தனர். அது இன்று உலக வைத்திய நூல்களில் சென்னையின் பழம்பெயரான 'மதராஸ்' என்னும் அடைமொழியோடு வழங்குகிறது. நோயாளியை உற்று நோக்கிய கண்களின் வெற்றி இது.

நிற்க. எல்லா நரம்பு நோயும் தீருமென்று நாம் சொல்லவில்லை. தீரக்கூடியதும் தாமதத்தால் தீராததாகிவிடுகிறதே என்பதுதான் நமது துயரம். பெரணமல்லூரிலிருந்து ஆரணி வழியே வேலூர் வெகு தூரமன்று. ஆயினும், ஒருநாள் கூலியை இழக்க அஞ்சும் ஏழைக்கு அது நெடுந்தூரமே. ஊர்ப்பணி செய்வோர் இதனைக் கவனிக்க வேண்டும். வைத்தியர்கள் வாயிலைத் திறந்து வைத்துவிட்டார்கள். நோயாளியைக் காலத்தில் அங்கே சேர்ப்பிப்பது ஊராரின் கடமை.