வீட்டிலேயே ஹேம்ஸ்டர் கூண்டு: எந்தப் பலகை ஆகும், எந்தக் கம்பி ஆகாது?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பிள்ளைகள் கேட்கும் செல்லப் பிராணிகளில் ஹேம்ஸ்டரும் ஒன்று. அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்ப்பது சிரமம், பூனைக்கும் இடம் போதாது. உள்ளங்கையில் அடங்கிவிடும் இந்தச் சின்ன எலிக்குப் பெற்றோர் சுலபமாகச் சம்மதித்து விடுகிறார்கள். சிக்கல் கூண்டில்தான் தொடங்குகிறது. கடைகளில் விற்கும் வண்ணக் கம்பிக் கூண்டுகளில் பல மிகச் சிறியவை. பெரியதைத் தேடினால், அதன் விலை ஹேம்ஸ்டரின் விலையைப் போலப் பல மடங்கு. வீட்டில் கிடக்கும் பலகையையும் கம்பியையும் வைத்து நாமே செய்துவிடலாம் என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது.

நல்ல எண்ணம்தான். ஆனால், கிளிக்கூண்டு செய்வதைப் போல இதைச் செய்துவிட முடியாது. ஹேம்ஸ்டரின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். அவற்றைத் தேய்க்க எதையாவது கடித்தே ஆகவேண்டும். கூண்டின் பலகை, பசை, வர்ணம், கம்பிப் பூச்சு எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக அதன் வாய்க்குள் போகும். குட்டை ரக ஹேம்ஸ்டரின் எடை சுமார் 30 முதல் 50 கிராம். பெரிய சிரிய ரகம்கூட 150 கிராமைத் தாண்டுவது அரிது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு, இந்த உடலுக்குப் பெரிய அளவு. எனவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் ‘இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

பலகையில்தான் அதிகக் கவனம் தேவை

வீட்டைப் புதுப்பித்தபோது மிஞ்சிய கபினெட் பலகைதான் பலருக்கும் முதலில் கைக்கு வரும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, எம்.டி.எஃப். பலகை, பிளைவுட் ஆகியவற்றில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு கலந்த பசை இருக்கும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-ஆம் ஆண்டிலேயே ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. சூடும் ஈரப்பதமும் கூடினால் பலகையிலிருந்து வெளியேறும் வாயுவும் கூடும். நம் நாட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. ‘இ-1’, ‘இ-0’ என்று முத்திரை உள்ள பலகைகளில் வாயு குறைவு என்பது உண்மை. அதற்காக அவை கடித்துத் தின்னத் தக்கவை ஆகிவிடாது.

அடுத்து ரப்பர் மரம். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சுமார் 25 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். இன்றோ மலேசிய மரச்சாமான் தொழிலின் முதுகெலும்பே அதுதான். வெளிர் நிறம், வழவழப்பு, நல்ல உறுதி. பார்த்தால் கூண்டுக்கு ஏற்ற மரமாகத்தான் தெரியும். ஆனால், ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்த சில நாட்களிலேயே வண்டும் பூஞ்சையும் பிடித்துவிடும். அதைத் தடுக்க, அறுத்த கையோடு போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரை மரத்துக்குள் ஏற்றிவிடுவார்கள். இந்த மருந்துக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நாற்காலியாக இருக்கும்வரை நமக்குத் தொல்லை இல்லை. நாள்தோறும் அதைக் கடித்துக்கொண்டே இருக்கும் 40 கிராம் உயிருக்கு அது வேறு கதை. எறும்பு மருந்துகள் சிலவற்றில் இருப்பதும் இதே போரிக் அமிலம்தான்.

கிள்ளான் வட்டாரத்தில் சுலபமாகக் கிடைக்கும் இன்னொன்று துறைமுகச் சரக்கோடு வரும் மரப் பாலெட். அதன் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் படத்தோடு ஒரு முத்திரை இருக்கும். அதில் ‘எச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியசில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். ‘எம்.பி.’ என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயு அடித்த மரம், தொடவே வேண்டாம். ‘எச்.டி.’ பாலெட்டிலும் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது. அதன்மேல் எந்த இரசாயனப் பீப்பாய் கசிந்தது என்பதை முத்திரை சொல்லாது. கறையோ எண்ணெய்ப் பிசுக்கோ வாடையோ இருந்தால் ஒதுக்கிவிடலாம். பச்சை சாயல் கொண்ட வெளிப்புற மரத்தில் செம்பும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து ஏறியிருக்கலாம். பழைய தோட்ட வீட்டுக் கதவு, சன்னல் பலகைகளின் வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். இந்த இரண்டும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

பிளாஸ்டிக் பெட்டியே போதும்

பலகையில் இத்தனை கவலை இருக்கும்போது, துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டிதான் நம் வீடுகளுக்குப் பொருத்தமானது. பெட்டியின் அடியில் உள்ள முக்கோணத்தில் 5 என்ற எண் இருந்தால் அது பாலிபுரோபிலீன். கெட்டியானது, கழுவ எளிது. உட்சுவர் வழவழப்பாக இருப்பதால் பல் பிடிக்காது. மரத்தைப் போலச் சிறுநீரை உறிஞ்சிப் பூஞ்சை பிடிக்கவும் செய்யாது. வாங்கும்போது லிட்டர் கணக்கைப் பார்க்காமல் தரைப்பரப்பைப் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் விலங்கு நலனுக்கான கால்நடை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச அளவு 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். நம் ஊர்ப் பெட்டிகளில் அந்த அளவு கிடைப்பது கடினம். கிடைப்பதில் மிக நீளமானதை எடுக்கலாம். இரண்டு பெட்டிகளைக் குழாயால் இணைப்பவர்களும் உண்டு.

மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலை பொருத்தினால் காற்று வரும். சன்னலுக்கு அடிக்கும் நைலான் கொசுவலை ஒரே இரவில் ஓட்டையாகிவிடும். கோழிக்கூண்டு வலையின் கண் மிகப் பெரியது. பற்றவைத்த சதுரக் கண் வலைதான் சரி. குட்டை ரகத்துக்குக் கண் 6 மில்லிமீட்டர், சிரிய ரகத்துக்கு 1 செ.மீ. வரை இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு வலை விலை கூடுதல், ஆனால் கவலை இல்லை. இரும்புக் கடையில் மலிவாகக் கிடைப்பது துத்தநாகம் பூசிய வலை. அந்தப் பூச்சைக் கடித்து விழுங்கினால் துத்தநாக நச்சு ஏறும். அதையே பயன்படுத்துவதென்றால் பல் எட்டாத மூடியில் மட்டும் வைக்கலாம், பக்கவாட்டில் வேண்டாம். தரைக்கு எந்த வலையும் ஆகாது. பாதம் புண்ணாகும், கால் சிக்கினால் முறியும்.

வலையைப் பொருத்த ஹாட் குளூவோ சூப்பர் குளூவோ வேண்டாம். சிறிய ஆணியும் வாஷரும் நட்டும் போட்டு முடுக்குவதே பாதுகாப்பு. வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து மழுக்க வேண்டும். சொரசொரப்பான ஓரம்தான் பல்லுக்கு முதலில் அகப்படும்.

உள்ளே என்ன போடலாம்?

பலகை ஆலையில் இலவசமாகக் கிடைக்கும் மரத்தூள் வேண்டாம். எந்த மரம், என்ன மருந்து என்று தெரியாது; நுண்தூள் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வாசனையுள்ள சிடார், பைன் சீவல்களின் எண்ணெய்ப் பொருள்கள் மூச்சையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடியவை. அச்சடிக்காத வெள்ளைத்தாளையோ வாசனையற்ற டிஷ்யூவையோ நீளமாகக் கிழித்துப் போடலாம். ஆஸ்பென் மரச்சீவலும் கடைகளில் உண்டு. ஹேம்ஸ்டர் வளை தோண்டும் இனம் என்பதால் 20 செ.மீ. ஆழமாவது நிரப்ப வேண்டும். இரண்டு விரல் உயரத்துக்குத் தூவி வைப்பது போதாது. கடைகளில் ‘ஹேம்ஸ்டர் பஞ்சு’ என்று விற்பதை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். அந்த இழை காலைச் சுற்றி இறுக்கும், விழுங்கினால் குடலை அடைக்கும். இலவம்பஞ்சும் அப்படித்தான்.

ஒளிந்துகொள்ளும் வீட்டுக்குப் பிளாஸ்டிக் பொம்மை வீடு தேவையே இல்லை. நாரைச் சுரண்டி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்த தேங்காய்ச் சிரட்டை போதும். அதைவிட நல்லது, பொங்கல் நேரத்தில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் லிட்டில் இந்தியாவிலும் குவித்து வைத்து விற்கும் சின்ன மண்பானை. வர்ணம் பூசாததாகப் பார்த்து எடுத்து, படுக்க வைத்தால் குளிர்ச்சியான குகை தயார்.

குளிர்ச்சி இங்கே சின்ன விஷயமல்ல. இன்று வீடுகளில் வளரும் சிரிய ஹேம்ஸ்டர்களில் அநேகமாக எல்லாமே 1930-இல் சிரியாவின் அலெப்போ அருகே ஒரு வளையிலிருந்து தோண்டி எடுக்கப்பட்ட தாய், குட்டிகளின் வம்சம். வறண்ட நிலத்துப் பிராணிதான். ஆனால் அங்கே பகல் வெயிலை ஆழமான வளைக்குள் இருந்து கழித்துவிடும். கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியைத் தொடும்போது, காற்றில்லாத கண்ணாடித் தொட்டிக்குள் அதற்கு ஓட இடமில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய ஒரு தரை ஓட்டைக் கழுவி உள்ளே வைத்தால் அதன்மேல் வயிறு படியப் படுத்துக்கொள்ளும். பால்கனியும் வெயில் விழும் சன்னலோரமும் கூண்டுக்கு ஆகாது. சாமி மேடைக்குப் பக்கத்திலும் வைக்கக்கூடாது. சாம்பிராணிப் புகை, கற்பூரம், கொசுவத்தி எல்லாம் அந்தச் சின்ன நுரையீரலுக்கு அதிகம்.

கடிக்கக் கிளை கொடுப்பதானால் மருந்தடிக்காத கொய்யாக் குச்சி நல்லது. பால் வடியும் பச்சைக் கிளைகளைத் தவிர்க்கலாம். அரளி கொடிய விஷம்.

எல்லாம் செய்த பிறகும் ஒரு எதிரி மிஞ்சும்: எறும்பு. ஹேம்ஸ்டர் தானியத்தைப் பதுக்கி வைக்கும், அந்த வாசத்துக்கு எறும்புச் சாரை வரும். உடனே கூண்டைச் சுற்றி எறும்புச் சாக்பீசால் கோடு போடுவார்கள். அது பூச்சிக்கொல்லி, தரையில் உதிரும் தூள் பிள்ளைகளின் கையோடு கூண்டுக்குள்ளும் போகும். பாட்டிமார் தோட்ட வீட்டில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததே இதற்கும் போதும். கூண்டை ஒரு சின்ன மேசையில் வைத்து, நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிடாமல் இருக்க, அந்தத் தண்ணீரில் சில துளி சவர்க்காரம் கலந்து, சில நாட்களுக்கு ஒருமுறை கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி மாற்றிவிட வேண்டும்.